கறுப்பு டேப் ஒட்டிய பொத்தான்

ஜூன் 4, ஞாயிறு

இரைச்சல்: பத்துக்கு மூன்று.

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. காது டாக்டரம்மா கொடுத்த வேலை. "இடது காதுல கேக்கற இரைச்சலுக்கு தெனமும் பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடுங்க. அன்னிக்கு எங்க போனீங்க, என்ன பண்ணீங்கன்னும் எழுதுங்க. ஆறு வாரம் கழிச்சு மெஷின் வெக்கறதா வேண்டாமான்னு பாக்கலாம்" என்றார். நாற்பத்தேழு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

அவர் படிக்கப்போவதால் முறையாகவே தொடங்குகிறேன். பெயர் மகுடேஸ்வரன். அந்தப் பெயரைச் சொன்னால் கோயம்புத்தூரில் ஒருவருக்கும் தெரியாது. டிஜே மேக் என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, காலேஜ் விழா என்று பாட்டுப் போட்டு ஜனங்களை ஆடவைப்பது தொழில். மனைவி பூங்கோதை ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். எங்கே போனாலும் என் வலது பக்கத்தில்தான் உட்காருவாள். அது அவளாகப் பழகிக்கொண்டது, நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று செய்தது: பீளமேட்டில் ஒரு காலேஜ் மைதானத்தில் டிஜே போட்டியின் முதல் சுற்று. நான் நடுவர். காலை பத்து மணிக்கே அறுநூறு பேர் கூடிவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் தொழில் தெரிந்திருக்காது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் ஒற்றைக் காதில் கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் தாளமும் ஒன்றாக விழுகிற நேரம் பார்த்து உள்ளே விட வேண்டும். ஆடுகிறவனுக்குப் பாட்டு மாறியதே தெரியக் கூடாது. எனக்கு இது கைவர மூன்று வருடம் ஆயிற்று. இப்போது லேப்டாப்போடு சேர்த்து வைக்கும் பெட்டியில் 'சின்க்' என்று ஒரு பொத்தான் வந்துவிட்டது. அதை அமுக்கினால் கம்ப்யூட்டரே தாளத்தைச் சேர்த்துவிடும். முடிந்தது கதை. கை கால் உள்ள எல்லாரும் டிஜே.

ஐந்தாவதாக ஒரு பெண் வந்தாள். சௌடேஸ்வரி, ஊர் சோமனூர், இருபத்திரண்டு வயதிருக்கும். எடுத்த எடுப்பில் சின்க்கை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. மேடையேறிப் போய்ப் பாட்டை நிறுத்தினேன். ஸ்பீக்கர்காரரிடம் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை வாங்கி, அந்தப் பொத்தானுக்கு மேல் அழுத்தி ஒட்டினேன். "இப்ப பண்ணு பாக்கலாம்" என்றேன்.

அவளால் முடியவில்லை. இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கன்னாபின்னாவென்று போயின. நான் மைக்கை எடுத்து, "பொத்தான் அமுக்கறதுக்கு எதுக்கும்மா டிஜே? லிஃப்ட் ஆப்பரேட்டர் போதுமே!" என்றேன். மைதானமே விசிலடித்துச் சிரித்தது. ஒரு நிமிடம் நிற்கவில்லை அந்தச் சிரிப்பு.

நல்ல நாள்.

ஜூன் 6, செவ்வாய்

இரைச்சல்: மூன்று.

அந்த லிஃப்ட் ஆப்பரேட்டர் வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. போட்டி நடத்தும் டைட்டஸ் போன் செய்து, "மேக்ண்ணா, நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்க, தூள் கெளப்பீட்டீங்க" என்றான். சென்னையிலிருந்துகூட இரண்டு டிஜேக்கள் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நான் வாயாகிவிட்டேன்.

கோதைக்குக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாட்டப் பாத்தேன்."

"நானும்தான் தெனம் புள்ளைங்கள போர்டுக்கு வரச் சொல்றேன். தெரியலீன்னா போய் உக்காருன்னுதான் சொல்லுவேன். பக்கத்து கிளாஸக் கூப்பிட்டு வேடிக்கை காட்ட மாட்டேன்."

டீச்சர்களுக்கு எல்லாமே வகுப்பறைதான். நான் டிவியைப் போட்டேன். "சத்தத்தக் கொறைங்க, தெருவே கேக்குது" என்று சமையற்கட்டிலிருந்து கத்தினாள்.

ஜூன் 14, புதன்

இரைச்சல்: நான்கு. மருதமலை பஸ்ஸில் போனேன், வேறொன்றும் செய்யவில்லை.

ஜூன் 22, வியாழன்

இரைச்சல்: நான்கு.

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் ஒரு காதுகுத்து விழா. பகல் நிகழ்ச்சி, பதினொன்றிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை. நாள் முழுக்க உட்கார்ந்து வீட்டிலேயே அதற்கு ஏற்பாடு செய்தேன். பாட்டுகளை ஒழுங்காகக் கோத்து, ஒரே நீளமாக ஒன்றரை மணி நேரத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டேன். மேடையில் பதற்றம் வேண்டாம் பாருங்கள். தொழில் தெரிந்தவன் முன்னேற்பாட்டோடுதான் போவான்.

கோதை டீ கொண்டுவந்து வைத்தாள். ஸ்க்ரீனைப் பார்த்தாள். "எல்லாத்தையும் இப்பவே கலக்கி வெச்சுட்டா, அங்க போயி என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"செரி" என்று போய்விட்டாள். அவள் 'செரி' சொன்னால் விவகாரம் முடியவில்லை என்று அர்த்தம்.

ஜூன் 25, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று சாயந்திரத்திலிருந்து யோசிக்கிறேன்.

காதுகுத்து மண்டபத்தில் நல்ல கூட்டம். குழந்தையின் தாய்மாமன் சீர் தட்டுகள் வந்திறங்கியதும் ஆட்டம் களைகட்டியது. எனக்கு முன்னால் இரண்டு இசைத்தட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பழைய முறையில் தட்டு வைத்து வாசிக்கும் ஒரே டிஜே என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் ஒரு கையால் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி ஜனங்களை உசுப்பிக்கொண்டிருந்தேன்.

குழந்தையின் அத்தை ஒருவர் ஆடிக்கொண்டே மேடைக்கு ஏறி வந்தார். பட்டுச்சேலை, நீளமான முந்தானை. ஒரு சுற்று சுற்றியதில் முந்தானை இடது பக்கத்துத் தட்டின் ஊசிக்கையைத் தட்டிவிட்டது. ஊசி தட்டை விட்டு வெளியே வந்து தொங்கிற்று.

பாட்டு நிற்கவில்லை.

அத்தைக்குத் தெரியாது. ஆடுகிறவர்களுக்கும் தெரியாது. கண் கூட்டத்தின் மேல் இருந்ததால் எனக்கே உடனே தெரியவில்லை. கூட்டத்தில் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஒரு பெண் மட்டும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன திசையைப் பார்த்த பிறகுதான் நான் ஊசியைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். சௌடேஸ்வரி.

அந்த வீட்டுக்கு ஒறம்பரையாக, சொந்தக்காரியாக இருக்க வேண்டும். மைக் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கிண்ணத்தை ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தாள். ஊசிக்கையை இரண்டு விரலால் தூக்கி, ஓடுகிற தட்டின் மேல் மெதுவாக வைத்தாள். அத்தையின் முந்தானையை எடுத்து அவர் இடுப்பிலேயே செருகிவிட்டாள். இறங்கிப் போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவளுக்குப் புரிந்திருக்காது. பொத்தான் அமுக்குகிற பெண்ணுக்குத் தட்டைப் பற்றி என்ன தெரியும்? சும்மா, உதவி செய்வதாக நினைத்திருப்பாள்.

இரைச்சல்: ஆறு.

ஜூன் 26, திங்கள்

புரிந்திருக்காது என்று நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். அடச்சீ என்று இருந்தது.

இந்த நோட்டை டாக்டரம்மாவிடம் காட்டப்போவதில்லை. அவருக்குத் தனியாக ஒரு தாளில் மார்க் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆக, இங்கே பொய் எழுத இனி ஒரு காரணமும் இல்லை.

ஊசி நகர்ந்தும் பாட்டு நிற்காததற்குக் காரணம், பாட்டு தட்டிலிருந்து வரவே இல்லை. தட்டுகள் சும்மா சுற்றுகின்றன. வீட்டில் நான் கோத்து வைத்த ஒன்றரை மணி நேரமும் லேப்டாப்பிலிருந்து தானாக ஓடுகிறது. குமிழ்களைத் திருகுவது, ஹெட்போனைச் சாய்த்துப் பிடிப்பது, கண்ணை மூடுவது எல்லாம் நடிப்பு. இரண்டு வருடமாக இப்படித்தான்.

திருப்பூரில் ஒரு வரவேற்பில் தொடங்கியது. ஹெட்போனில் இடது காதில் வைத்த பாட்டு எனக்குக் கேட்கவில்லை. வலது காதுக்கு மாற்றினால் ஸ்பீக்கர் சத்தம் பிடிபடவில்லை. ஒரு காதை வைத்துக்கொண்டு இரண்டு பாட்டைச் சேர்க்க முடியாது. அன்று மூன்று முறை இடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், "அண்ணனுக்கு வயசாயிருச்சுடா" என்றான். அதற்கடுத்த நிகழ்ச்சிக்கு வீட்டிலேயே கோத்து எடுத்துப் போனேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் என்ன, அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். வீட்டில் கோக்கும்போது தாளத்தை எப்படிச் சேர்க்கிறேன்? சின்க் பொத்தானை வைத்துத்தான்.

நான் டேப் ஒட்டிய அதே பொத்தான்.

ஜூன் 28, புதன்

டைட்டஸ் வந்திருந்தான். இறுதிச் சுற்றுக்கு ஆறு பேர் தேர்வு, அதில் சௌடேஸ்வரியும் உண்டு என்றான். மற்ற இரண்டு நடுவர்களும் அவள் விண்ணப்பத்தோடு அனுப்பிய இசையைக் கேட்டு நல்ல மார்க் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் விலகிக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்ணா" என்றான் டைட்டஸ். "சின்க் யூஸ் பண்ணக் கூடாதுன்னு நம்ம ரூல்ஸ்ல எங்கயுமே இல்லீங்."

"நடுவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கக் கூடாதா?"

"இருக்கலாமுங். அத மார்க்ல போட்டிருக்கலாம். டேப்புல போட்டது..." என்று இழுத்தான். அவன் அதை என்னிடம் தனியாக, சிரிக்காமல் சொன்னான்.

அவன் போன பிறகு பல வருடமாக மறந்திருந்த ஒரு மெல்லிசைக் குழுக்காரர் நினைவுக்கு வந்தார். தொண்ணூற்றெட்டில் நான் முதன்முதலாக மேடையேறிய அன்று, அவர் கீபோர்டு வாசிக்க வந்திருந்தார். என் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "அடுத்தவன் பாடுனத ஓட விடறதுக்கு எதுக்குய்யா மேடை? இதென்ன சங்கீதமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். குழுவே சிரித்தது. நான் மண்டபத்துப் பாத்திரம் கழுவுமிடத்தில் போய் நின்று அழுதேன். கேட்ட குரல் மட்டும்தான் இப்போது வேறு. கேள்வி அதேதான். அதை வாங்கி நான் பத்திரமாக வைத்திருந்து இந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.

டைட்டஸுக்குப் போன் போட்டு அவள் வீட்டு முகவரி கேட்டு வாங்கினேன். போட்டிக்குத் திரும்பி வரச் சொல்ல வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும்.

ஜூன் 30, வெள்ளி

சோமனூர் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் அப்பா வெங்கிடுசாமி விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் நீளமான ஷெட், பன்னிரண்டு தறி. வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க! நீங்களே வருவீங்கன்னு நெனைக்கலீங். உங்களுக்குக் கோயில் கட்டோணுங்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காப்பி வந்தது. அவர் பேசிக்கொண்டே போனார்.

"மூணு வருசமா தலபாடா அடிச்சுக்கிட்டனுங். கம்ப்யூட்டர்ல பொத்தான அமுக்கறதெல்லாம் ஒரு வேலையா கண்ணு, நல்லா படிச்சிருக்கற, ஏதாச்சும் ஒரு ஆபீசுக்குப் போன்னு. கேக்கவே மாட்டீன்னுட்டா. தறிச் சத்தத்தப் புடிச்சுப் போட்டு இதுதான் பாட்டுங்கறா! நானு முப்பது வருசமா இந்தச் சத்தத்துல கெடக்கறனுங். இது பாட்டுன்னா நானெல்லாம் வித்துவானுங். உங்க வீடியோவ என்ற தம்பி காட்டுனான். அன்னிக்கு ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்ப அவகிட்ட சொன்னனுங், பாரு, அந்தத் தொழில்லயே பெரியவரு சொல்லீட்டாரு, உன்றது லிஃப்ட் ஓட்டற வேலைன்னு. அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேசலீங். எல்லாச் சாமானையும் வித்தர்றேன்னுட்டா. வர்ற சனிக்கெழம ஒண்ணு உட்டு அடுத்த சனிக்கெழம ஈரோட்டுக்காரரு வந்து எடுத்துட்டுப் போறாரு."

சொல்லி முடித்துவிட்டு, நான் ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் போல என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நல்ல மனுஷர். மகள் கெட்டுப்போகக் கூடாது என்கிற கவலை தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "அது தப்புங்க" என்று இரண்டு வார்த்தை. வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கும்பிடு சுகமாக இருந்தது. காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

கிளம்பும்போது சௌடேஸ்வரி உள்ளேயிருந்து வந்து டம்ளரை எடுத்துப் போனாள். "வாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 1, சனி

போட்டிக்கு விண்ணப்பித்தபோது ஒவ்வொருவரும் தாங்கள் செய்த இசையில் பத்து நிமிடம் அனுப்பியிருந்தார்கள். நடுவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இன்று அவளுடையதைத் தேடி எடுத்து வலது காதில் போட்டுக் கேட்டேன்.

தறிதான். முதலில் ஒரு தறி, சடக் சடக்கென்று. அடுத்து இன்னொன்று, அரை நொடி தள்ளி. அதற்கு மேல் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய ஒரு கனமான தாளம். யாரோ ஓர் அம்மா "சாப்புட வாங்க" என்று தூரத்தில் கூப்பிடும் குரல், அதை அவள் நீட்டி நீட்டி ஒரு ராகமாகவே ஆக்கியிருக்கிறாள். நடுவில் கரண்ட் போய்விடுகிறது. பன்னிரண்டு தறியும் ஒவ்வொன்றாக மூச்சடங்கி நிற்கின்றன. நிசப்தம். கரண்ட் வந்து திரும்ப ஒன்றொன்றாகக் கிளம்பும்போது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் நான் பாட்டு மாற்றியிருக்கிறேன். இதுபோல ஒன்றைச் செய்ததில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்தது. பொறாமையும் வந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

மேடையில் அவள் என்ன செய்ய வந்தாள் என்றும் இப்போதுதான் புரிந்தது. நான்கு இசைச் சரடுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அந்த இடத்திலேயே வெட்டி ஒட்டி, புதிதாக ஒன்றை உண்டாக்க வந்தாள். அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். தாளத்தைப் பிடித்து நிறுத்தும் கூலி வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு, அவள் வேறு வேலை பார்க்க வந்தாள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்துப் பொத்தானை மூடினேன். சோம்பலுக்கு அதை அமுக்குகிறவன் நான்தான் என்பதால் அப்படித்தானே தோன்றும்.

ஜூலை 3, திங்கள்

ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். "அன்னிக்கு அந்தத் தங்கச்சிய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நானும் சில சமயம் சின்க் யூஸ் பண்றவன்தான். எல்லாருக்கும் அவங்கவங்க வழி" என்று. நாற்பது வினாடி.

வீட்டில் கோப்பது, சும்மா சுற்றும் தட்டு, காது, இது எதையும் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். கேமராவுக்கு முன்னால் முடி கலைந்திருக்கிறதா என்று பார்த்தேன், அதற்குள் நாற்பது வினாடி முடிந்துவிட்டது.

ஜூலை 5, புதன்

பாராட்டு கொட்டுகிறது. 'என்ன பெருந்தன்மை', 'லெஜண்ட்', 'மனுஷன்யா'. பாதி உண்மைக்கே மாலை போடுகிறார்கள். படிக்கப் படிக்க உடம்பு கூசியது.

கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, லேப்டாப், சோமனூர் காப்பி எல்லாம். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"காது எனக்குத் தெரியும். லேப்டாப்பும் தெரியும். அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட சும்மா வந்துட்டீங்கன்னு தெரியாது" என்றாள்.

"ஏன் கோதை ஒரு தடவகூட கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு வருசமா பாத்தேன்." விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "வீடியோல இருக்கறவங்க எல்லாம் உங்களுக்கு யாரு? அந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் நீங்க பதில் சொல்லோணும். நாளானிக்கு லீவு போடறேன், கூட வரட்டா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் வந்தால் அவளைப் பேச விட்டுவிடுவேன்.

ஜூலை 7, வெள்ளி

காலையிலேயே சோமனூர். நாளை ஈரோட்டுக்காரர் வந்துவிடுவார். டைட்டஸிடம், இன்று சாயந்திரத்துக்குள் அவள் சம்மதம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் இடம் உண்டு என்று உறுதி வாங்கி வைத்திருந்தேன். நான் நடுவராக வரவில்லை என்றும், ஏன் என்றும் அவனிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன். "அய்யோ, புக்கிங்கெல்லாம் போயிருமேங்ணா" என்றான். போகட்டும்.

வீட்டில் யாருமில்லை. ஷெட்டுக்குப் போனேன். பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. வெங்கிடுசாமி நூல் அறுந்த ஒரு தறியில் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வெளியே போய்ப் பேசலாம் என்று கையைக் காட்டினார். நான் அசையவில்லை. வெளியே போனால் காப்பி வரும், நாற்காலி வரும், என் வாய் மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும் என்று பயம்.

"நான் சொன்னது தப்புங்க!" என்று கத்தினேன்.

அவர் காதில் கையைக் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். தறிக்காரர்களுக்கெல்லாம் காது கொஞ்சம் மந்தம்தான். எனக்கும் என் குரல் கேட்கவில்லை. இரண்டு செவிடர்களும் எதிரெதிரே நின்றோம்.

"உங்க பொண்ணு திருட்டுத்தனம் பண்ணல! நான்தான் பண்றேன்!"

மறுபடி தலையை ஆட்டினார். ஏதோ முக்கியமான விஷயம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். திரும்பி ஆட்களுக்குச் சைகை காட்டினார். ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல், தொண்டை கிழிய மூன்றாவது முறை கத்தினேன்.

"நான் மேடையில வாசிக்கறதே இல்லீங்க! எல்லாம் வீட்லயே கம்ப்யூட்டர்ல பண்ணி எடுத்துட்டு வந்து ஓட விடறேன்! எனக்கு ஒரு காது கேக்காது! ரெண்டு வருசமா ஊர ஏமாத்தறேன்! அந்தப் பொத்தான நான்தான் தெனமும் அமுக்கறேன்!"

கடைசி வரி முழு நிசப்தத்தில் வெளியே வந்தது. எல்லாத் தறியும் நின்றிருந்தன. ஆறு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பீடியைப் பற்றவைக்க எடுத்தவர் அப்படியே கையில் வைத்திருந்தார்.

அதன் பிறகு மெதுவாகச் சொன்னேன். அவள் அனுப்பிய இசையைக் கேட்டதை, அவள் செய்வது நான் செய்வதைவிட எத்தனையோ படி மேலானது என்பதை, அவளைப் பேசியதற்கு எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது என்பதை. லிஃப்ட் என்று பேசியது தப்பு என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

வெங்கிடுசாமி பக்கத்தில் கிடந்த நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நானு அவளப் பேசுனதெல்லாம்?" என்றார். "சோத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருந்தா. எந்திரிச்சுப் போயிட்டா. நாலு வாரமா அப்பான்னு கூப்படலீங்."

"அப்பா" என்று வாசல் பக்கம் குரல் கேட்டது.

தறிகள் நின்ற நிசப்தம் கேட்டு வந்திருக்கிறாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. வெங்கிடுசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கண்ணு, இவரு என்னமோ சொல்றாரு..."

"கேட்டனுங்ப்பா. எனக்கு முன்னாடியே தெரியும். காதுகுத்து அன்னிக்குப் பாத்தேன்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "தெரிஞ்சும் ஏம்மா யாருகிட்டயும் சொல்லல? அங்கயே மைக் இருந்துதே. என்னய ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா போதுமே. உனக்கு வந்த கெட்ட பேரு போயிருக்குமே."

அவள் வந்து அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"சொல்லியிருந்தா அத்தன பேரும் உங்களப் பாத்து சிரிச்சிருப்பாங்கண்ணா" என்றாள். "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அவளைவிட நிறைய வருடமாகத் தெரியும். தெரிந்தே நான் மைக்கை எடுத்தேன், தெரிந்ததனாலேயே அவள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவளுக்கு இன்னும் இடம் இருக்கிறது, சாயந்திரத்துக்குள் சொன்னால் போதும் என்று மட்டும் சொன்னேன். வெங்கிடுசாமி ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வர வேண்டாமுங், சாமான் குடுக்கறதா இல்லீங்" என்று தறி ஓடும்போது பேசுவதைப் போலவே கத்திக்கொண்டிருந்தார்.